தேநீர் தொடும் இடம், தொடாத இடம்

சித்தி பட்டர்வொர்த்தில் இருக்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபெரி ஏறிப் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனுக்கு வருவார். மாரியம்மன் கோவிலில் கும்பிட்டுவிட்டு, லெபு பாசார் கடைத்தெருவில் வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேருவார். போன ஆண்டு தைப்பூசம் முடிந்த வாரம் அப்படி வந்தபோது, வெற்றிலைப் பொட்டலத்தோடு ஒரு பச்சை நிறக் குப்பியும் பையிலிருந்து வெளியே வந்தது. உள்ளே அறுபது கேப்சூல்கள். பச்சைத் தேயிலைச் சாறு என்று மேலே எழுதியிருந்தது. கோவிலில் பழக்கமான ஒருவர் விற்றாராம்.

“இதைச் சாப்பிட்டால் கேன்சரே வராதாமே? வாயில் இருக்கிற இந்த வெள்ளையும் போய்விடும் என்றார்கள்” என்று சொல்லி, இடது கன்னத்தை விரலால் இழுத்துக் காட்டினார். நாற்பது ஆண்டுகளாக அவர் வெற்றிலையை அடக்கி வைக்கும் அதே இடம். கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, ஒரு இருபது சென் நாணயம் அளவுக்கு, சுரண்டினாலும் வராத வெண்படலம்.

குப்பியைப் பிடுங்கி எறியத்தான் முதலில் கை பரபரத்தது. ஆனால் சித்தி கேட்டது நியாயமான கேள்வி. ஜப்பான், சீனா, அமெரிக்கா, இத்தாலி, ஜெர்மனி என்று பல நாட்டு ஆய்வாளர்கள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த பதில் ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரே சொல்லில் அடங்கவில்லை. எங்கே, எவ்வளவு, எந்த வடிவத்தில் என்று கேட்டுப் பிரித்தால்தான் விளங்குகிறது. அப்படிப் பிரித்துச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் இலை. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் நுரை பொங்க வரும் பால் தேநீரான தே தாரேக், காலையில் கோப்பிக் கடையில் பாலில்லாமல் குடிக்கும் தே ஓ, சீனர் உணவகத்தில் கேட்காமலே மேசைக்கு வரும் சிறிய கிண்ணத் தேநீர், ஜப்பானிய உணவகத்தின் பச்சைத் தேநீர் எல்லாம் ஒரே செடியின் இலைகள்தாம். கமேலியா சினென்சிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். கேமரன் மலையில் 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்தில் அந்த இலையைக் கிள்ளியவர்களில் பெரும்பாலோர் நம் தமிழர்கள். இலை நமக்குப் புதிதல்ல. பச்சை நிறத்தில் குடிப்பதுதான் புதிது.

நிறம் மாறுவது பறித்த பிறகு நடக்கும் வேலையால். கிள்ளிய இலையை வாட வைத்து, உருட்டி, கசக்கி, காற்றுப்படப் பரப்பி வைத்தால் இலைக்குள் இருக்கும் நொதி ஒன்று வேலை செய்யத் தொடங்கும். நறுக்கி வைத்த கத்தரிக்காய் கறுப்பதும் இதே வகை நொதியால்தான். இலையில் இருக்கும் கேட்டச்சின் என்ற துவர்ப்புப் பொருள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து செந்நிறப் பொருள்களாக மாறும். அதுதான் கறுப்புத் தேயிலை. பறித்த கையோடு இலையைச் சூடாக்கிவிட்டால் நொதி செயலிழந்துவிடும். கேட்டச்சின் அப்படியே தங்கிவிடும். ஜப்பானில் ஆவியில் வேக வைக்கிறார்கள். சீனாவில் பெரும்பாலும் வாணலியில் வறுக்கிறார்கள். காய்ச்சிய பச்சைத் தேநீரில் கரைந்துள்ள திடப்பொருளில் 30 முதல் 40 விழுக்காடுவரை கேட்டச்சின். கறுப்புத் தேநீரில் 3 முதல் 10 விழுக்காடுதான். இந்தக் கேட்டச்சின்களில் அளவில் முந்தி நிற்பது எபிகேலோகேட்டச்சின் கேலேட். ஆய்வாளர்கள் சுருக்கமாக இ.ஜி.சி.ஜி. என்பார்கள். பச்சைத் தேநீரையும் புற்றுநோயையும் சேர்த்து நீங்கள் எங்கே படித்தாலும் அந்தப் பேச்சு பெரும்பாலும் இந்த ஒரு பொருளைப் பற்றியதுதான்.

அன்று சித்திக்கு நான் ஒரு கோப்பை போட்டுக் கொடுத்தேன். உருண்டையாகச் சுருட்டிய சீனத் தேயிலை, மிளகு அளவு. வெந்நீர் பட்டதும் ஒவ்வொன்றாக அவிழ்ந்து, இரண்டு நிமிடத்தில் முழு இலையாக விரிந்து அடியில் தங்கியது. நீர் இளம் மஞ்சளாக இருந்தது. கொதிக்கக் கொதிக்க ஊற்றியிருந்தால் நாக்கு இழுக்கும் அளவுக்குத் துவர்த்திருக்கும். கொதி அடங்கி 80 பாகைக்கு வந்த பிறகு ஊற்றினால் மென்மையாக இருக்கும். அந்தத் துவர்ப்புதான் கேட்டச்சின். வாழைப்பூவிலும் நெல்லிக்காயிலும் நாக்கு உணரும் அதே சுவைக் குடும்பம். துவர்ப்பு என்றால் என்ன? அந்தப் பொருள் எச்சிலில் உள்ள புரதங்களைப் பற்றிக்கொள்கிறது. பற்றிக்கொள்ளும் இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை பிறந்தது ஜப்பானில். 1987இல் ஹிரோத்தா ஃபுஜிகி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் சுண்டெலிகளின் தோலில் புற்றுக்கட்டி வளர வைக்கும் வேதிப்பொருளைத் தடவி, சிலவற்றுக்கு அதோடு இ.ஜி.சி.ஜி.யையும் தடவினார்கள். அவற்றுக்குக் கட்டிகள் குறைந்தன. அதன்பின் தோல், நுரையீரல், இரைப்பை, குடல் என்று ஒவ்வோர் உறுப்பிலும் விலங்குச் சோதனைகள் நடந்தன. பலவற்றில் நல்ல முடிவு வந்தது. ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றணுக்கள் மேல் இ.ஜி.சி.ஜி.யை ஊற்றியபோது அவை பெருகுவதை நிறுத்தின. சில தாமாகவே மடிந்தன. உயிரணுவின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளைப் பற்றிக்கொள்கிறது, மரபணுவின் மேல் ஒட்டிக்கொள்ளும் வேதிக்குறிகளை எழுதும் நொதியைத் தடுக்கிறது, புதிய இரத்தக் குழாய் முளைக்கச் சொல்லும் சமிக்ஞைகளைக் குறைக்கிறது என்று பல வழிகள் எழுதப்பட்டன. அதே குழு சைத்தாமா மாநிலத்தில் 8,552 பேரைப் பின்தொடர்ந்து, நாளுக்குப் பத்துக் கோப்பைக்கு மேல் குடித்தவர்களுக்குப் புற்றுநோய் தாமதமாக வந்ததாக 1997இல் எழுதியது. உலகச் செய்தித்தாள்கள் பற்றிக்கொண்டன. இன்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளின் வேரைத் தேடிப் போனால் பெரும்பாலும் இந்தப் பத்தாண்டில்தான் போய் நிற்கும்.

இங்கேதான் நான் சற்று நின்று பேச வேண்டும். கண்ணாடித் தட்டில் புற்றணுவைத் தடுக்க ஆய்வாளர்கள் பெரும்பாலும் 20 முதல் 100 மைக்ரோமோலார் (கரைசலில் ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதை அளக்கும் அலகு) செறிவில் இ.ஜி.சி.ஜி.யைப் பயன்படுத்துகிறார்கள். இரண்டு மூன்று கோப்பை பச்சைத் தேநீர் குடித்த மனிதனின் இரத்தத்தில் அது உச்சம் தொடும்போதுகூட ஒரு மைக்ரோமோலாரைத் தாண்டுவது அரிது. சில மணி நேரத்தில் அதுவும் பாதியாகக் குறைந்துவிடும். குடலிலிருந்து இரத்தத்துக்குள் நுழைவதே சொற்பம். நுழைந்ததைக் கல்லீரல் உருமாற்றி வெளியேற்றுகிறது. நுழையாததைப் பெருங்குடல் நுண்ணுயிர்கள் வேறு பொருள்களாக உடைக்கின்றன. கடலில் கரைத்த பெருங்காயம் என்பார்களே, இரத்தத்தைப் பொறுத்தவரை ஏறத்தாழ அதுதான் நிலைமை. மார்பகத்துக்கோ ஆண்களின் சுக்கிலச் சுரப்பிக்கோ (புராஸ்டேட்) போய்ச் சேரும் அளவு, தட்டில் ஊற்றிய அளவின் ஒரு சிறு துளி.

இன்னொன்று: தட்டில் அதிகச் செறிவில் இருக்கும் இ.ஜி.சி.ஜி. காற்றோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. புற்றணுக்கள் மடிந்ததில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. உடலுக்குள் ஆக்சிஜன் அந்த அளவு தாராளமாகக் கிடைப்பதில்லை. ஆகவே ‘ஆய்வுக்கூடத்தில் புற்றணுவைக் கொன்றது’ என்ற வரியைப் படிக்கும்போது ‘எந்தச் செறிவில்’ என்று கேட்காமல் மேலே போகக் கூடாது.

சரி, மனிதர்கள்? பச்சைத் தேநீர் உண்மையில் புற்றுநோயைத் தடுக்குமென்றால் ஜப்பானில் அது தெரிந்தாக வேண்டும். மியாகி மாநிலத்தில் 26,311 பேரைப் பின்தொடர்ந்து 2001இல் வெளியான ஆய்வு, இரைப்பைப் புற்றுநோய்க்கும் பச்சைத் தேநீருக்கும் தொடர்பே காணவில்லை. நாளுக்கு ஐந்து கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களுக்கும் ஒரு கோப்பைகூடக் குடிக்காதவர்களுக்கும் வேறுபாடு இல்லை. அதே மாநிலத்தில் 40,530 பேரை 11 ஆண்டுகள் தொடர்ந்த ஒசாக்கி ஆய்வு 2006இல் வந்தது. அதில் ஒரு நல்ல செய்தி உண்டு: தேநீர் அதிகம் குடித்தவர்களிடையே இதய நோய், பக்கவாத மரணங்கள் குறைவு. புற்றுநோய் மரணங்கள் குறையவில்லை. இந்த ஆய்வைச் சொல்லிப் பச்சைத் தேயிலை விற்பவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஷாங்ஹாயிலிருந்து வந்தது வேறு முடிவு. புகையும் மதுவும் தொடாத 69,310 பெண்களைப் பின்தொடர்ந்ததில், வாரம் மூன்று முறையோ அதற்கு மேலோ தேநீர், பெரும்பாலும் பச்சை, குடித்தவர்களுக்கு உணவுப் பாதைப் புற்றுநோய்கள் 14 விழுக்காடு குறைவு. கவனியுங்கள், உணவுப் பாதை. தேநீர் நேரடியாகப் பட்டுக்கொண்டு போகும் பாதை. ஆனால் அந்த ஆய்விலேயே இன்னொன்றும் இருந்தது: தேநீர் குடித்த பெண்கள் சராசரியாக வயதில் இளையவர்கள், கூடுதலாகப் படித்தவர்கள், உடற்பயிற்சி செய்பவர்கள். கணக்கில் இவற்றை ஈடுகட்டப் பார்த்தார்கள். முழுமையாக ஈடுகட்ட முடியாது.

இந்தச் சிக்கலைப் புரிந்துகொள்ள ஷாங்ஹாய் போக வேண்டியதில்லை. விடிகாலையில் எங்கள் பினாங்கின் தண்ணீர்மலை பக்கம் தாவரவியல் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். ஃபிளாஸ்கில் பச்சைத் தேநீர் கொண்டுவந்து நடப்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் புகைப்பதில்லை, இடுப்பு பெருக்க விடுவதில்லை, ஆண்டுக்கொரு முறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறார்கள், காய்கறி பார்த்து வாங்குகிறார்கள். இரவு பதினொரு மணிக்கு ரொட்டி சானாயும் தே தாரேக்கும் சாப்பிட்டுவிட்டு ஒரு சிகரெட் பற்றவைப்பவரோடு இவர்களை ஒப்பிட்டால், இவர்களுக்குப் புற்றுநோய் குறைவாகத்தான் இருக்கும். புண்ணியம் தேநீருக்கா நடைக்கா என்று யாரால் பிரிக்க முடியும்? மக்கள் தாமாகத் தேர்ந்துகொண்ட பழக்கத்தை ஆராயும் ஒவ்வோர் ஆய்வுக்கும் இந்தக் குறை உண்டு.

அதைப் பிரிக்க ஒரே வழி, குலுக்கல் முறையில் ஒரு பாதிப் பேருக்குத் தேயிலைச் சாறும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்ப்பது. இத்தாலியில் 2006இல் அப்படி ஒரு சோதனையின் முடிவு வந்தது. சுக்கிலச் சுரப்பியில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் கண்ட 60 ஆண்கள். முப்பது பேருக்கு நாளுக்கு 600 மில்லிகிராம் கேட்டச்சின். ஓராண்டில் வெற்று மாத்திரை எடுத்த முப்பது பேரில் ஒன்பது பேருக்குப் புற்றுநோய். கேட்டச்சின் எடுத்தவர்களில் ஒரே ஒருவருக்கு. உலகமே வியந்தது. 2015இல் அமெரிக்காவில் 97 ஆண்களைக் கொண்டு ஏறக்குறைய அதே சோதனையைச் செய்தபோது, புற்றுநோய் வந்தவர்கள் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

பெருங்குடலிலும் இதே கதை. அகற்றிய பாலிப்புகள் (குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சிகள்) மீண்டும் முளைக்கின்றனவா என்று ஜப்பானில் 136 பேரிடம் பார்த்தார்கள். தேயிலைச் சாறு எடுத்தவர்களில் 15 விழுக்காட்டினருக்கும் எடுக்காதவர்களில் 31 விழுக்காட்டினருக்கும் முளைத்தது. பாதியாகக் குறைந்துவிட்டது. பிறகு ஜெர்மனியில் ஆயிரம் பேருக்குமேல் சேர்த்து, மூன்று ஆண்டுகள், நாளுக்கு இருமுறை 150 மில்லிகிராம் இ.ஜி.சி.ஜி. கொடுத்துப் பார்த்தார்கள். 2022இல் வெளியான முடிவு: வெற்று மாத்திரைக் குழுவில் 55.7 விழுக்காடு, தேயிலைக் குழுவில் 51.1 விழுக்காடு. தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய இடைவெளி. சிறிய சோதனையில் பளிச்சென்று தெரிந்த ஒளி பெரிய சோதனையில் மங்கிப்போவதை மருத்துவ உலகம் பல மருந்துகளில் பார்த்திருக்கிறது. அதனால்தான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005இலேயே, பச்சைத் தேநீர் மார்பகப் புற்றுநோயையோ சுக்கிலச் சுரப்பிப் புற்றுநோயையோ குறைப்பது மிகவும் ஐயத்துக்குரியது என்று சொல்லிவிட்டது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் 142 ஆய்வுகளை, மொத்தம் 11 லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் தரவை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. அதன் முடிவு: சான்றுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, தடுக்கிறது என்று உறுதியாகச் சொல்ல இடமில்லை.

‘தடுக்காது என்று நிரூபணமாகிவிட்டது’ என்று இதைத் திருப்பிப் படிக்கவும் கூடாது. எனக்குத் தோன்றுவது இது: தேநீருக்கு ஏதாவது வலு இருந்தால் அது தேநீர் நேரில் தொடும் இடத்தில்தான் இருக்கும். வாயில் ஒரு மிடறு பச்சைத் தேநீரைச் சில நிமிடம் வைத்திருந்தால் எச்சிலில் இருக்கும் கேட்டச்சின், இரத்தத்தில் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகம். பற்றிக்கொள்ளும் குணம் என்றேனே, அது இங்கே உதவுகிறது. பச்சைத் தேயிலையிலிருந்து எடுத்து மருத்துவர் எழுதித் தரும் மருந்தாக அமெரிக்காவில் 2006இல் அனுமதி பெற்றது ஒரு களிம்பு. எச்.பி.வி. என்ற கிருமியால் பிறப்புறுப்பின் வெளிப்புறம் வரும் மருக்களுக்குத் தடவுவது. விழுங்கும் மருந்தல்ல, தோலின் மேல் நேராகப் படும் மருந்து.

சித்தியின் கேள்விக்கு மிக அருகில் வரும் ஆய்வும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில், வாயில் புற்றுநோய்க்கு முந்தைய படலம் கண்ட 41 பேருக்கு மூன்று மாதம் தேயிலைச் சாறோ வெற்று மாத்திரையோ கொடுத்தார்கள். 2009இல் முடிவு வந்தது. அதிக அளவு எடுத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் படலம் சுருங்கியது. வெற்று மாத்திரையில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. படித்தபோது எனக்கே மனம் துள்ளியது. அடுத்த பத்தியைப் படித்ததும் அடங்கியது: ஆண்டுகள் செல்லச் செல்ல, அவர்களில் வாய்ப் புற்றுநோய் வராமல் தப்பியவர்களின் கணக்கில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. படலம் சுருங்கியதைப் பார்த்து நிம்மதியாக வீட்டில் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

குப்பிக்கு வருகிறேன். ஒரு கோப்பை பச்சைத் தேநீரில் சுமார் 50 முதல் 100 மில்லிகிராம் இ.ஜி.சி.ஜி. இருக்கும். கேப்சூலில் அதைச் சுண்டக் காய்ச்சி, பல கோப்பைக்கு உரியதை ஒரே விழுங்கில் கொடுக்கிறார்கள். வெறும் வயிற்றில் எடுத்தால் இரத்தத்தில் ஏறும் அளவு இன்னும் கூடும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் தரவுகளைத் திரட்டிப் பார்த்து, நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் இ.ஜி.சி.ஜி.யைச் சத்து மாத்திரையாக எடுப்பவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் இரத்தத்தில் உயர்கின்றன என்றது. மின்னசோட்டாவில் 1,075 பெண்களுக்கு ஓராண்டு நடந்த சோதனையிலும், ஏறத்தாழ அந்த அளவு எடுத்தவர்களில் சிலருக்கு அதே நொதிகள் ஏறின. மார்பகத் திசுவின் அடர்த்தியோ ஒட்டுமொத்தமாகக் குறையவில்லை. பிரான்சிலும் ஸ்பெயினிலும் உடல் எடை குறைக்க விற்ற பச்சைத் தேயிலைச் சாறு ஒன்று கல்லீரல் நோய்க்குக் காரணமாகி 2003இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. பாதிப்பு எல்லாருக்கும் வருவதில்லை. ஒரு குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்று தெரியவந்திருக்கிறது. உங்களுக்கு அந்த வகை உண்டா என்று குப்பி விற்பவருக்குத் தெரியாது. காய்ச்சிக் குடிக்கும் தேநீரால், வழக்கமான அளவில், இந்தக் கவலை அநேகமாக இல்லை.

ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். போர்டெசோமிப் என்ற மருந்து எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்குக் கொடுப்பது. அதன் மூலக்கூறை இ.ஜி.சி.ஜி. நேராகப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்துவிடும் என்று 2009இல் ஆய்வுக்கூடத்திலும் விலங்குகளிலும் காட்டினார்கள். துணைக்கு என்று நினைத்து விழுங்குவது மருந்தையே கட்டிப்போடுகிறது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும், இரும்புச் சத்து குறைந்தவர்களும்கூட மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் அதிகமாகக் குடிக்க வேண்டும். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்வதைக் குறைத்துவிடும்.

சூட்டைப் பற்றியும் ஒரு சொல். ஈரானின் கொலெஸ்தான் மாநிலத்தில் 50,045 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில், 60 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் நாளுக்கு 700 மில்லிலிட்டருக்கு மேல் தேநீர் குடித்தவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்து 90 விழுக்காடு கூடுதலாக இருந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2016இல், 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் குடிக்கும் எந்தப் பானமும் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று வகைப்படுத்தியது. பச்சையோ கறுப்போ, குற்றவாளி சூடுதான். ‘ஆற்றிக் குடி’ என்று நம் பாட்டிகள் சொன்னது இதற்கும் பொருந்துகிறது. தே தாரேக் போடுபவர் இரண்டு குவளைக்கு நடுவே ஒரு கை நீளத்துக்கு இழுத்து ஆற்றும்போது சூடு நன்றாகவே இறங்கிவிடும். அதில் சேரும் கெட்டிப்பாலும் சர்க்கரையும் வேறு கணக்கு. பாட்டிலில் விற்கும் இனிப்புப் பச்சைத் தேநீரும் அந்தக் கணக்கில்தான் சேரும். மலேசியப் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மிகை எடை கொண்டவர்கள். உடல் பருமன் மார்பகம், குடல் உட்படப் பல புற்றுநோய்களுக்குக் காரணம். சர்க்கரைத் தண்ணீரைப் புற்றுநோய்க் காப்பு என்று நினைத்துக் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு சித்தியின் வாய்க்குத் திரும்ப வேண்டும். மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடம் மிக அதிகம், அதிலும் பெண்களிடம். தோட்டத்தில் பசியையும் களைப்பையும் மறக்க வாயில் அடக்கிய வெற்றிலை பாக்குதான் இதற்குப் பெரிய காரணம். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்குகிறது, பாக்கே தனியாகவும் உண்டாக்குகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் அதே புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் வெளியிட்ட நூல் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. புகையிலைக்கும் மதுவுக்கும் எந்த வகுப்போ அதே வகுப்பு. சித்தியின் பையில் அன்று இரண்டும் அருகருகே இருந்தன: புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியான பொட்டலம் ஒன்று, தடுக்கும் என்று யாரும் உறுதிப்படுத்தாத குப்பி ஒன்று. பொட்டலத்தின் விலை சில ரிங்கிட். குப்பியின் விலை அவருடைய ஒரு வார மளிகைச் செலவு.

பணம் போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நாள் போவதுதான் பயம். மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு 2012 முதல் 2016 வரை 115,238 புதிய நோயாளிகளைப் பதிவு செய்தது. கட்டம் தெரிந்தவர்களில் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டோருக்கு நோய் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. கட்டி தெரிந்தும், இரத்தம் வந்தும், படலம் கண்டும் இத்தனை பேர் எங்கே இருந்தார்கள்? அவர்களில் ஒரு பகுதியினர் ஏதோ ஒரு குப்பியை நம்பி வீட்டில் இருந்திருப்பார்கள் என்று எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை. புற்றுநோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர விற்பனைச் சட்டமே இந்த நாட்டில் தடை செய்கிறது. குப்பியில் எழுதாமல் வாயால் சொல்லி விற்பது அதனால்தான். பெட்டியில் இருக்கும் ‘மால்’ என்ற அரசாங்க மருந்துப் பதிவெண், அது பதிவான பொருள் என்று மட்டுமே சொல்லும். புற்றுநோயைத் தடுக்கும் என்று சொல்லாது. சித்தியின் குப்பியில் அந்த எண்ணும் இல்லை.

அரசாங்கப் பல் மருத்துவக் கிளினிக்கில் வாயைப் பார்க்கச் சில நிமிடம் போதும். மறுநாள் காலை அழைத்துப் போனேன். பல் மருத்துவர் வயதில் சிறிய பெண். மலாயில் பேசத் தொடங்கி, சித்தி தடுமாறுவதைப் பார்த்துத் தமிழ் தெரிந்த தாதியைக் கூப்பிட்டார். பஞ்சுத் துணியால் படலத்தைத் துடைத்துப் பார்த்தார். கையுறை விரலால் அழுத்தி, தடிப்பு இருக்கிறதா என்று தேடினார். நாக்கை இருபுறமும் இழுத்துப் பார்த்தார், நாக்கின் அடியைப் பார்த்தார், கழுத்தில் நெறிகட்டி இருக்கிறதா என்று தடவினார். “ஒரு நாளைக்கு எத்தனை வெற்றிலை, அம்மா?” என்று கேட்கச் சொன்னார். சித்தி “ஆறு” என்றார். நான் சித்தியைப் பார்த்தேன். “எட்டு, பத்து” என்று திருத்தினார். சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

முடிவு வர மூன்று வாரம் ஆனது. உயிரணுக்களில் மாற்றம் தொடங்கியிருக்கிறது, புற்றுநோய் இல்லை, வெற்றிலையை நிறுத்த வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை காட்ட வேண்டும். படலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் யாருக்கும் அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

சித்தி இன்னும் முழுதாக விடவில்லை. பத்து இரண்டாகியிருக்கிறது, சில நாள்களில் ஒன்று. நாற்பது ஆண்டுப் பழக்கம். வாய் ஊறும்போது ஏலக்காயும் பெருஞ்சீரகமும் மெல்லுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் பச்சைத் தேநீர் கேட்டு வாங்கிக் குடிக்கிறார். துவர்ப்பு வெற்றிலைக்குக் கொஞ்சம் ஈடாக இருக்கிறதாம். கோப்பையைத் தொட்டுப் பார்த்து, ஆறட்டும் என்று ஓரமாக வைத்துவிட்டுக் கோவில் கதை பேசுவார். அடுத்த பரிசோதனைத் தேதி எழுதிய கிளினிக் அட்டையை வெற்றிலைப் பெட்டிக்குள்தான் வைத்திருக்கிறார். வேறெங்கே வைத்தாலும் மறந்துவிடுமாம்.